மாமியாரைக் காயவிடாதே

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலி, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறதா? எனக்கு ஒரு காது மக்கர் செய்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை, அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் மருந்துச் சரக்கு செய்யும் ஆலையில் வடிகட்டிப் பிரிவில் இருக்கிறாள். அங்கே கரித்தூளின் மேல் பல்லேடியம் என்ற உலோகத்தை நானோ துகள்களாக ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு தலைமுடியின் அகலத்தில் பல்லாயிரம் துகள் வரிசைகட்டி நிற்குமாம். அதுதான் வினையூக்கி. ஹைட்ரஜனை இழுத்துப் பிடித்துச் சரக்கோடு சேர்த்துவிட்டு, தான் மட்டும் அப்படியே இருக்கும். தான் மாறாமல், வந்தவர்களை எல்லாம் மாற்றுவதால் ஆலையில் அதற்குப் பெயர் 'மாமியார்'. என் எதிரிலேயே சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

வேலை முடிந்ததும் அது வடிகட்டியில் கறுப்புச் சேறாகத் தங்கும். அதில் மெத்தனால் என்ற எரிசாராயமும் ஹைட்ரஜனும் ஊறியிருக்கும். தண்ணீர்விட்டு அலசி, ஈரத்தோடுதான் அள்ளவேண்டும். காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். 'மாமியாரைக் காயவிடாதே' என்று யாரோ சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய ஷிப்டுக்கு மேற்பார்வையாளர் என் மாப்பிள்ளை. வீட்டில் அவளை அடிக்கிறவர். வாயைத் திறந்தால் வேலையிலிருந்து தூக்கிவிடுவேன் என்பார். அவளுடையது என்று சொல்ல அந்த வேலை ஒன்றுதான் இருந்தது. அதனால் என்னிடம்கூட, "கதவு இடிச்சிடுச்சும்மா" என்பாள்.

அன்றைக்குப் பகல் பதினொரு மணி. அடுத்த சரக்குக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே வந்தார்.

"இன்னும் என்னடி குளிப்பாட்டிட்டு இருக்க?"

"இன்னொரு தடவை அலசணுங்க. மெத்தனால் வாசனை போகல."

"உங்கம்மாவுக்கு இவ்வளவு தண்ணி ஊத்தியிருப்பியா? தள்ளு."

தண்ணீர்க் குழாயை மூடினார். அவள் திறந்தாள். வாயிலேயே குத்தினார். உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. முடியைப் பிடித்து இரும்புத் தூணில் இரண்டு முறை மோதினார்.

பாய்லர்காரர் ஓடிவந்தார். "விடுங்க சார், ரத்தம் வருது."

"புருஷன் பொண்டாட்டி விஷயம். போய் உன் பாய்லரைப் பாரு."

இவ்வளவு நேரமும் வடிகட்டியின் அடியில் உறிஞ்சும் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை அவர் மறுபடி மூடியிருந்தார். சேறு காய்ந்து வெடிப்பு விட்டது. அவரே கரண்டியை எடுத்துச் சுரண்டினார்.

கறுப்பில் சிவப்புப் பொறி ஓடியது. மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. மாப்பிள்ளை தன் தோளையும் தொடையையும் தானே அறைந்துகொண்டு அலறினார். அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பாய்லர்காரர் நினைத்தாராம். சட்டை சுருண்டது, கைத்தோல் உரிந்து தொங்கியது.

"மூணு எண்ணுற நேரம் சும்மா நின்னேம்மா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அப்புறம் அவரை அவசரக் குளியல் குழாயின் கீழே தள்ளிச் சங்கிலியை இழுத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை கட்டுக்குள்ளிருந்து அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "நீதான் தண்ணி விட மறந்துட்டேன்னு சொல்லு. இல்ல, வீட்டுக்கு வந்ததும் இருக்கு உனக்கு."

பாதுகாப்பு அதிகாரி படிவத்தோடு வந்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"குழாயை மூடினது இவர்" என்றாள் என் மகள். "திறந்ததுக்கு என் வாயில குத்தினதும் இவர். பாய்லர் அண்ணன் பார்த்தார். வீட்டுல பத்து வருஷமா குத்துறார், அதையும் எழுதிக்குங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லையேம்மா."

"ஓரத்துல எழுதுங்க. நான் நிக்கிறேன்."

எழுதினார். அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஆலைக்கு இப்போது இங்கிருந்துதான் போய்வருகிறாள்.

உங்களில் யாராவது இப்படி ஓரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறீர்களா? யார் எழுதினார்கள், யார் மாட்டேன் என்றார்கள்? விவரமாக எனக்கு எழுதுங்கள்.