பின்பாக்கெட்டுப் பருந்துகள்

அன்று காலை நான் பருந்துகளை என் பின்பக்கத்தாலேயே எண்ணிவிட்டேன்.

எண்ணும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று ஓர் எண் ஏறும். அதைக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மலையேறியிருக்கிறேன். மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் பாறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோதெல்லாம் அது எண்ணியிருக்கிறது. நான் தையல்காரன். அந்தப் பாக்கெட்டை அவ்வளவு இறுக்கமாகத் தைத்ததும் நானேதான். யாரைப் போய்த் திட்டுவது?

கணவாயில் மச்சான் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒவ்வோர் இளவேனிலிலும் பனி உருகத் தொடங்கியதும், வடக்கே திரும்பும் பருந்துகளை எண்ண இருவரும் இங்கே வந்துவிடுவோம். அவர் பார்த்துச் சொல்வார், நான் அமுக்குவேன். அமுக்குகிறவன் அண்ணாந்து பார்க்கக் கூடாது; இரண்டு பேர் பார்த்தால் ஒரே பறவை இரண்டாகிவிடும் என்பது அவர் சட்டம். ஆகவே இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான பருந்துகளை எண்ணிய எனக்கு நன்றாகத் தெரிந்தது என் செருப்பு மட்டும்தான்.

இந்த வருடம் மற்ற கணவாய்களில் வானம் காலியாம். இங்கே மட்டும் குறையவில்லை. துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம், ஏதோ நானே முட்டையிட்டு அடைகாத்ததுபோல் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒரு தப்பு நடந்து போச்சு."

"உன்னாலயா? ஆச்சரியமா இருக்கே."

சொன்னேன். பழைய மச்சானாக இருந்தால் என்னை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார். ஒருமுறை ஒரே ஒரு பூனைப்பருந்தை நான் கூடுதலாக அமுக்கியதற்கு, ஒரு வாரம் என்னோடு தன் தங்கை மூலமாகத்தான் பேசினார்.

"விடு மாப்ள. அதுவும் இருந்துட்டுப் போகட்டும்."

கருவியை எடுத்து அவரிடம் நீட்டினேன். "நேத்து எத்தனைல நிறுத்தினோம்? நீங்கதான் மறக்க மாட்டீங்களே."

"ஏதோ ஒண்ணுல."

தன் கல்யாண நாளை மறந்து அடி வாங்கியவர், எண்ணிக்கையை மறந்ததில்லை.

வெயில் ஏறியது. பள்ளத்தாக்கிலிருந்து சூடான காற்று எழுந்தது. பருந்துகள் வட்டமிட்டு மேலேறும் நேரம்.

"தேன்பருந்து. மூணு," என்றார்.

டிக், டிக், டிக். "எந்தப் பக்கம்?"

"உனக்கெதுக்கு? குனி."

குனிந்தேன். "இன்னும் ரெண்டு," என்றார். இம்முறை கட்டைவிரல் அசையவில்லை. சட்டத்தை மீறி அண்ணாந்தேன்.

கத்திரி படாத புதுத்துணிபோல் வானம் இந்த மலையிலிருந்து அந்த மலைவரை விரிந்து கிடந்தது. ஒரு புள்ளி இல்லை. அவரைப் பார்த்தேன். தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தார். அதன் முன்பக்க மூடி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

"மச்சான், மேல பாத்துட்டேன்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "டீ இருக்கா?"

"இருக்கு. மூடி போட்டிருக்கு மச்சான்."

"ஃபிளாஸ்க்குக்கா?"

சிரிப்பு வரவில்லை, இருவருக்குமே. டீயை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், ஆவி அடங்கும்வரை.

"இந்தத் தடவை மொத நாள் நீ விரலை வெச்சுக்கிட்டு காத்துக்கிட்டே இருந்தே. சாயங்காலம் வரைக்கும். பாக்க சகிக்கல. சரி, ஒண்ணு சொல்லி வைப்போம்னு..."

"அப்புறம்?"

"காத்து இன்னிக்கு நல்லா எழும்புது, இல்ல?"

"மச்சான். என்னைப் பாத்து சொல்லுங்க. இந்த வருஷம் வந்துச்சா, வரலையா?"

திரும்பினார்.

"வரல மாப்ள. ஒண்ணுகூட வரல."