புள்ளி நின்ற இடம்

சைக்கிளை வாங்குகிறவர் சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நசீமா ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அவள் கணவர் பசீர் அகமது இந்த டப்ளின் வீட்டில் இருந்தவரை, நாலு வருஷமாக, சனிக்கிழமை காலையானால் போதும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். லிவர்மோர் தாண்டி மலை இடுக்குகளுக்குள் மண்ணும் சரளையுமாகப் போகிற பாதை. இரண்டு ஏரி, மூன்று பள்ளத்தாக்கு, சுற்றி வர முப்பது மைல். நசீமாவுக்கோ சனிக்கிழமை என்றால் தூக்கம். வாரம் முழுக்க லேபில் நின்ற கால்கள், போனைச் சைலண்டில் போட்டுக் கவிழ்த்துவிட்டுப் பத்தரை வரை போர்வைக்குள் கிடப்பாள். மதியம் அவர் புழுதியோடு வந்து நிற்பார். "போன் பண்ணேனே" என்பார். "தூங்கிட்டிருந்தேன்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

போன ஜனவரியில் கம்பெனி அவரை டெக்ஸஸுக்கு, ஆஸ்டினுக்கு மாற்றியது. சைக்கிள் கராஜிலேயே நின்றுவிட்டது. "வித்துடு" என்று போனில் சொன்னார். தானும் மகள் ரிதாவும் அங்கே வருவதா வேண்டாமா என்று கேட்டால், "உன் இஷ்டம்" என்றார். பத்தொன்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவளுக்குச் சொல்கிற பதிலா இது? இந்த வீட்டு லீஸைப் புதுப்பிக்கிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

இந்த நேரத்தில்தான், எத்தனை மைல் ஓடிய சைக்கிள் என்று வாங்குகிறவர் கேட்டார். ஹேண்டில்பாரில் இருந்த குட்டிக் கம்ப்யூட்டரின் பழைய பதிவுகளை மகள் ரிதா திறந்து காட்டினாள். எல்லாச் சனிக்கிழமையும், பெரிய ஏரிக்கு மேலே மேட்டில் ஒரே இடத்தில் வண்டி நின்றிருக்கிறது. முப்பத்தெட்டு நிமிடம். நாற்பது நிமிடம். ஒரு தடவை ஐம்பது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் உட்காராத மனுஷன்!

யார் இருக்கிறார்கள் அங்கே? கேட்டால் மழுப்புவார். நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று நசீமா முடிவு பண்ணினாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் ரிதா.

"ஏன், மூணு வருஷமா ஜிம்ல டெய்லி சைக்கிள் மிதிக்கிறேனே, தெரியல?"

"தட் ஒன் டஸன்ட் மூவ், மா."

சொன்னாளே தவிர, சீட்டை இறக்கிக் கொடுத்தவளும் அவள்தான். கம்ப்யூட்டரில் அத்தா பசீரின் பழைய சவாரி ஒன்றை ஏற்றினாள். திரையில் ஒரு கோடு. நீலப் புள்ளி நசீமா. சாம்பல் புள்ளி அத்தா. அன்றைக்கு அவர் போன வேகத்திலேயே போகும், நின்ற இடத்தில் நிற்கும். "ஜஸ்ட் ஃபாலோ ஹிம்" என்று சொல்லி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டுப் போனாள்.

பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. சக்கரத்தின் கீழே சரளை கரகரவென்று பேசிக்கொண்டே வந்தது. திடீரென்று ஒரு மாடு முளைத்தது, இவளைப் பார்த்தது, மறுபடி பனிக்குள் கரைந்து போயிற்று. ஒரு மேட்டில் ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்கள் இன்னும் இதழ் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தன. ஏப்ரல் மாதம், புல்லெல்லாம் பச்சை. தான் விழித்திருக்கிறோமா, வழக்கமான சனிக்கிழமைத் தூக்கத்தில்தான் இருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாம்பல் புள்ளி எங்கோ முன்னால் போய்விட்டது.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்றாள் நசீமா, திரையைப் பார்த்து. "எங்க போனாலும் உங்களுக்கு இதே வேலை. மால்ல போனாலும் பத்தடி முன்னாடி, ஏர்போர்ட்ல போனாலும் பத்தடி முன்னாடி."

புள்ளி காதில் வாங்கவில்லை. முதல் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். இரண்டாவதிலும் தள்ளினாள். சின்ன ஏரி வந்தது. தண்ணீர் எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு வாத்து, அந்தரத்தில் மிதந்தது. இத்தனை வருஷம் இதையெல்லாமா பார்த்துவிட்டு வந்தார்? ஒரு வார்த்தை சொன்னதில்லையே! அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, போகப் போக அழகாகவும் இருந்தது.

ஒன்பது பத்துக்குத் திரையைப் பார்த்தாள். சாம்பல் புள்ளி நின்றிருந்தது. இவளுக்கு மூன்று மைல் முன்னால், பெரிய ஏரிக்கு மேலே. நில்லுங்க, அங்கேயே நில்லுங்க, இதோ வந்துட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். நீலப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. அந்த மனுஷன் தனக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோல ஒரு பிரமை.

ஒன்பது நாற்பதுக்கு இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின.

வீடு இல்லை. ஆள் இல்லை. பெஞ்சு கூட இல்லை. ஒரு ஓக் மரம், அதன் கீழே ஒரு தட்டைப் பாறை, கீழே பனி விலகிக்கொண்டிருக்கிற ஏரி. நசீமா பாறையைச் சுற்றி வந்தாள். ஒரு காகிதம் கூடக் கிடக்கவில்லை. இதற்கா நாற்பது நிமிடம்?

அப்போது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. ரிதாதான்: எங்கே இருக்கே, ஏன் பதில் இல்லை. எட்டு மணியிலிருந்து செத்துக் கிடந்த போன், இந்த மரத்தடியில் உயிர் பிடித்திருந்தது. இரண்டடி நகர்ந்தாள், சிக்னல் போயிற்று. திரும்பி வந்தாள், வந்தது.

ரிதாவுக்குப் பதில் போட்டுவிட்டு, பசீரின் வாட்ஸப்பைத் திறந்து மேலே தள்ளினாள். டிசம்பர், ஒரு சனிக்கிழமை: மிஸ்டு கால் ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது இருபத்தைந்து. ஒன்பது நாற்பத்தாறு. கீழே ஒரு வரி: "ஒண்ணுமில்ல, சும்மாதான்." அதற்கு முந்தின சனிக்கிழமையும் அதே. அக்டோபரிலும். போன வருஷத்திலும். ஒவ்வொரு வாரமும் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், நடுநடுவே காத்திருந்திருக்கிறார். பால் வாங்கணுமா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து இவள் ஒரு நாளும் திருப்பிக் கூப்பிட்டதில்லை.

நசீமா பாறையில் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள், பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஆஸ்டினுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒன்பது நாற்பத்தெட்டுக்குத் திரையில் சாம்பல் புள்ளி கிளம்பி, ஏரிக்கரையோடு இறங்கிப் போய்விட்டது. அவள் போகவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மூன்றாவது தடவை எடுத்தார். "என்ன நசீ? கடையில இருந்தேன், போனை வீட்லயே விட்டுட்டேன். ரிதாவுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மாதான்."

மரத்தில் ஏதோ ஒரு பறவை டொக் டொக்கென்று கொத்திக்கொண்டிருந்தது.

"மரங்கொத்தி" என்றார் பசீர். குரல் மாறியிருந்தது. "நசீ, நீ எங்க இருக்கே?"

"உங்க பாறையிலதான். ஏங்க, இதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எடுத்தா சொல்லலாம்னு இருந்தேன். ஏரியைப் பார்த்தா உன்கிட்ட பேசணும்போல இருக்கும். வீட்டுக்கு வந்தா... வராதும்மா, பேச்சு."

நசீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க அங்க வர்றது என் இஷ்டம்னு சொன்னீங்களே. உங்க இஷ்டம் என்ன? அதைச் சொல்லுங்க."

"வாங்க" என்றார். "ரெண்டு பேரும் வாங்க. தனியா முடியல."

"அங்க மண் ரோடு இருக்கா?"

"இருக்கு. தேடவே இல்ல, ஆனா இருக்கும்."

"அப்ப சைக்கிளை விக்கல" என்றாள்.

பாதி வழிதான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு பள்ளத்தாக்கு, எத்தனையோ ஏற்றம். ஆனால் எழுந்தால் சிக்னல் போய்விடும். அவள் எழவில்லை.

வாங்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பிய பிறகு, ரிதா அன்றைய பதிவைத் திறந்து பார்த்தாள். பெரிய ஏரிக்கு மேலே, அதே இடத்தில், அம்மா ஒரு மணி நேரம் இருபது நிமிடம் நின்றிருந்தாள்.