டிசம்பர் மாதத்து மலை

எங்கள் பாஸ்போர்ட் போட்டோ கடையில் பன்னிரண்டு வருடம் வெள்ளைத் திரைக்கு முன்னால் தலைகளாக எடுத்துத் தள்ளியதில் எனக்கே தலை சுற்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு காலண்டர் கம்பெனிக்காரர் என்னை நம்பிப் பன்னிரண்டு மலைப் படம் கேட்டார். படத்தில் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் நிபந்தனை. என் அண்ணன் வேறு ஒன்று வைத்தான்.

"பன்னெண்டும் தேறிச்சுன்னா உன் இஷ்டம். ஒண்ணு குறைஞ்சாலும் திங்கக்கிழமை கடைக்கு வந்துடணும்."

நானும் தலையாட்டித் தொலைத்தேன். போதாக்குறைக்கு அண்ணியைக் காவலுக்கு அனுப்பினான்.

ஆக, கடல் கடந்த நாட்டில், பஸ்ஸே போகாத மலைப்பாதையில், நாத்தனாரும் அண்ணியுமாகக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றோம். பதினோரு படம் அனுப்பியாயிற்று. டிசம்பருக்கான சிகரம் மட்டும் பாக்கி, அதுவும் சாயங்காலத்துக்குள்.

"நாலாவது வண்டியும் போயிடுச்சு," என்றாள் அண்ணி. "நீ நீட்டினா ஒருத்தனும் மதிக்க மாட்டேங்கிறான். தள்ளு."

அவள் நீட்டியதும் மெத்தை ஏற்றிய லாரி நின்றது. அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியுமா? கேபினுக்குள் வரமாட்டேன் என்று மெத்தைகள் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பாட்டாகப் பாடித் தீர்த்தாள்.

லாரிக்காரர் கையாலும் வாயாலும் பேசியதில் ஒன்று புரிந்தது: லைசென்ஸ் புதுப்பிக்க அவருக்கு ஒரு போட்டோ வேண்டும். இது நம்ம தொழிலாச்சே. அவரைப் பனிச்சரிவுக்கு முன்னால் நிறுத்தி, கேமராவில் பாஸ்போர்ட் செட்டிங்கைப் போட்டேன். முகம் தெளிவாக விழும், பின்னால் இருப்பதெல்லாம் வெள்ளையாகிவிடும். ஒரே கிளிக், கச்சிதம்.

அந்த நிமிடம் மேகம் விலகிச் சிகரம் முழுசாகத் தெரிந்தது. ஓடினேன், விழுந்தேன், எழுந்து நாற்பது படம் எடுத்தேன். எடுத்ததைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் எங்கள் கடையில் கிடையாது, 'அடுத்து வாங்க' என்பதுதான். அண்ணிதான் பார்த்தாள்.

"சிகரம் எங்கடி?"

நாற்பதும் வெள்ளை. செட்டிங்கை மாற்றவே இல்லை, பாவி நான். அதற்குள் மேகமும் மூடிக்கொண்டது. பனியிலேயே உட்கார்ந்து, பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

லாரிக்காரர் மேலே கை காட்டினார். அவர் சைகையில் சொன்னது இப்படித்தான் புரிந்தது: "இன்னும் ரெண்டு வளைவு போனா மேகத்துக்கு மேல போயிடலாம்."

"உங்க மெத்தை?" என்று நானும் சைகையில் கேட்டேன்.

"வாங்கினவங்க இன்னைக்கு ஒரு நாள் தரையில படுக்கட்டும்."

மேலே போனால், அம்மாடி, வானம் முழுக்க மலை. செட்டிங்கை மூன்று தடவை சரிபார்த்து அழுத்தினேன். அழுத்தும்போதே அண்ணி இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். அந்த ஒரு படம்தான். அடுத்த நொடி அங்கேயும் மேகம்.

கோபிக்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். அதையே அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'படம் பிரமாதம். ஆனால் ஆள் இருக்கிறதே. டிசம்பருக்கு வேறு ஒருவரிடம் வாங்கிக்கொள்கிறோம்.'

அண்ணன் போன் செய்தான். "என்னாச்சு?"

"பதினொண்ணுதான்," என்றேன்.

"அப்ப திங்கக்கிழமை..."

அண்ணி போனைப் பிடுங்கினாள். "அவ வரமாட்டா. பதினோரு மாசம் அவ எடுத்தது. மிச்ச ஒண்ணைக் கெடுத்தது நான். அதனால அவ இடத்துல நான் வந்து உக்காந்துக்கறேன்."

"உனக்குப் படம் எடுக்கத் தெரியுமா?" என்றான் அண்ணன்.

"கத்துக்கறேன். தலைதானே."