பலகையில் மீந்த டோக்கன்

எழுதத் துணிந்ததற்காக முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். கதை எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. விண்கலப் படையைப் பற்றியும், அதில் காலாட்களுக்கு என்ன வேலை என்பதைப் பற்றியும் பேசத் தகுதியுடையவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். ஆயினும் சென்னை அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் நடந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். பிழை இருப்பின் அது என்னுடையது.

உதயகுமார் அருகிலுள்ள பாடியில் இரும்புப் பாகங்களுக்குப் பெயின்ட் பூசிச் சூட்டில் உலர்த்தும் ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்தான். சனிக்கிழமைகளில் காலை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அடுத்த தெரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போவான். அங்கே தரைத்தளத்தில், குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடக்கும் அறையில், காவ்யா மேசையை விரித்து வைத்திருப்பாள். மதுரையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த அந்தப் பெண், அட்டைகளையும் பகடையையும் வைத்து ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றைத் தானே உருவாக்கியிருந்தாள். அவள் வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுக்கப் போன அருள்தான் முதலில் அதில் சிக்கினான். பிறகு, தன்னோடு படித்த உதயகுமாரையும் இழுத்துக்கொண்டு வந்தான்.

அருளுக்குப் பீரங்கிகள். மூன்று போர்க்கலங்கள் அவன் கையில். உதயகுமார் கேட்டு வாங்கிக்கொண்டது காலாட்படையை.

"மாமே, ஆயிரம் மைலுக்கு அப்பால இருந்தே நான் சுட்டுத் தள்றேன். ஆகாசத்துல நடந்து போறவனுக்கு இன்னா வேல? கக்கூஸ் கழுவவா?" என்று அருள் வாராவாரம் கேட்பான்.

"நீ சுடறதுக்கு முன்னாடி உள்ள போயி பாக்கறதுக்கு" என்பான் உதயகுமார். "ஒவ்வொரு கதவா தொறந்து, உள்ள யாரும் இல்லனு ஒருத்தன் சொல்லணும்டா."

காவ்யாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், அதையே விதியாக்கிவிட்டாள். முடங்கிய எதிரிக்கலத்துக்குள் பத்துக் காலாட்கள் நுழைவார்கள். நுழையும் ஒவ்வொருவனுக்கும் ஒரு டோக்கனைப் பலகை ஆணியில் மாட்ட வேண்டும். திரும்பியவனின் டோக்கனை எடுத்துவிட வேண்டும். பலகை காலியானபின் காலாட்படைத் தலைவன் "உள்ளே யாருமில்லை" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பீரங்கி சுடலாம். ஆறு சுற்றுக்குள் சுடவில்லையென்றால் எதிரிக்கலம் தானே வெடித்து, அருகிலுள்ள நம் கலங்களையும் விழுங்கிவிடும்.

அந்தப் பலகையும் டோக்கன்களும் உதயகுமார் கொண்டுவந்தவை. அவன் தொழிற்கூடத்தில் முன்பிருந்த விதிப்படி, உலர்த்தும் சூளையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை வாசலில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு டோக்கன் தொங்கினாலும் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. விரல்ரேகை இயந்திரம் வந்தபின் கழித்துப் போட்டவற்றில் பத்தை அவன் கேட்டு வாங்கி வந்தான். முப்பத்தொன்று முதல் நாற்பது வரை.

அன்றைய ஆட்டம் நன்றாகவே போனது. நான்காம் சுற்றில் பத்துப் பேரும் வெளியே வந்துவிட்டார்கள். உதயகுமார் டோக்கன்களை எண்ணி எடுத்துப் பெட்டியில் போட்டான். பத்து. நிமிர்ந்தபோது பலகையில் இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமே, பதினொண்ணு மாட்டினியா? திருட்டாட்டம்!" அருள் சிரித்தான்.

காவ்யா தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். "இல்லண்ணா, பத்துதான். நான்தான் குறிச்சேனே."

டோக்கனின் எண் பலகைப் பக்கம் திரும்பியிருந்தது. உதயகுமார் அதைத் திருப்பினான். இருபத்தேழு. அவன் விரல் சட்டென்று விலகியது. பித்தளை சுட்டது.

அந்த எண் அவனோடு வேலை செய்த பாபுவுடையது. அது உதயகுமார் வீட்டுப் பீரோவில், கைக்குட்டையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்த இடத்தில் இருக்க வேண்டியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இருவரும் ஒன்றாகச் சூளைக்குள் போனார்கள். வேலை முடிந்து உதயகுமார் முன்னே வந்தான். பின்னாலேயே பாபுவின் பேச்சுக் குரல் வந்தது. டீக்குப் போகும் அவசரத்தில் உதயகுமார் தன் டோக்கனோடு பாபுவுடையதையும் சேர்த்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நண்பர்கள் ஒருவருக்கொருவர் அப்படிச் செய்வது வழக்கம். விட்டுவந்த சுரண்டியை எடுக்கப் பாபு மறுபடி உள்ளே போனதை அவன் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து, "உள்ள யாருனா கீறாங்களா?" என்றார். உதயகுமார் பலகையைப் பார்த்தான். காலி. "யாரும் இல்ல சார்" என்றான். கதவு மூடியது, சூளை சூடேறியது. டோக்கன் மாட்டாமல் போனது பாபுவின் அஜாக்கிரதை என்று விசாரணையில் எழுதினார்கள். உதயகுமார் வாய் திறக்கவில்லை.

"சரி, ஒருத்தன் உள்ள மாட்டிக்கினான்னு வச்சிக்கோ" என்றான் அருள். "இன்னும் ரெண்டு சுத்துதான் கீது. டோக்கன எடுத்துப் போட்டுட்டு சொல்லு மாமே. நான் சுடறேன்."

"நான் உள்ள போறேன்" என்றான் உதயகுமார்.

காவ்யா, கலத்துக்குள் போகிறவனுக்குரிய ஓர் அட்டையை எடுத்துப் புரட்டிப் படிக்கத் தொடங்கினாள். "நீண்ட அறை. ஜன்னல் இல்லை. மேலே சங்கிலி, சங்கிலியில் கொக்கிகள். சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. தரையில் ஒரு சுரண்டி. கதவின் உள்பக்கத்திலிருந்து தட்டும் ஓசை. மூன்று முறை, பிறகு ஒன்று." அவள் குரல் தாழ்ந்தது. "இத நான் எழுதல."

"உன் கையெழுத்துதானே?" என்று அருள் எட்டிப் பார்த்தான்.

"என் கையெழுத்துதான். ஆனா நான் எழுதல."

மூன்று தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டுவது பாபுவின் பழக்கம். உதயகுமாரின் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான் தட்டுவான். வெளியே நல்ல வெயில். பிள்ளைகள் சைக்கிள் விடும் சத்தம் கேட்டது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அறையில் பெயின்ட் கருகும் வாடை நின்றது. அதை மூவருமே முகர்ந்தார்கள்.

ஆறாம் சுற்று. அருளின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. "சொல்லித் தொலடா. நாலு வார்த்த கூட இல்ல. ஒரு மாசமா கட்டிகினு வந்த படை மாமே! வெறும் வெளயாட்டுடா இது!"

உதயகுமார் பலகையைப் பார்த்தான். அந்த வார்த்தைகளை அவன் வாழ்நாளில் ஒரு முறை சொல்லியாகிவிட்டது.

"உள்ள ஒருத்தன் கீறான்" என்றான்.

காவ்யா மூன்று கலங்களையும் மேசையிலிருந்து எடுத்தாள். கலங்களுக்குத் திரும்பியிருந்த பத்துக் காலாட்களும் அவற்றோடு போனார்கள். பிறகு, யாரும் கேட்காமலே, அந்த அட்டையை நான்காகக் கிழித்தாள்.

பலகையில் தொங்கிய டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் உதயகுமார் பீரோவைத் திறந்தான். கைக்குட்டையின் மூன்று முடிச்சும் அவன் போட்டபடியே இறுகியிருந்தன. உள்ளே எதுவும் இல்லை.

மறுநாள் காலை அம்பத்தூரில் ரயிலேறித் திருநின்றவூரில் இறங்கினான். ஏரிக்குப் போகும் வழியில் வாடகை வீடு. பாபுவின் மனைவி சரசா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா உதயா, மூணு வருசம் கழிச்சி வழி தெரிஞ்சிதா?"

அவன் டோக்கனை அவள் ஈரக் கையில் வைத்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் எண்ணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உங்கப்பன் அஜாக்கிரதயா போயி செத்தான், நீ பாத்து நடன்னு சொல்லிச் சொல்லியே எம் பொண்ண வளக்கறேன்" என்றாள் கடைசியில். "தெனம் சொல்றேன் உதயா."

"தெரியாம நடந்துடுச்சி அண்ணி."

"எடுத்தது தெரியாம. மறைச்சி வச்சது?"

கொடியிலிருந்து நழுவிய ஒரு துணியை அவன் எடுத்து மறுபடி போட்டான்.

"உள்ளேர்ந்து தட்டினாரா?"

"மெஷின் சத்தம் அண்ணி. கேக்கல."

சரசா வீட்டுக் கதவைப் பார்த்தாள். "இங்க கேக்குது. மத்தியானத்துல. மூணு, அப்பறம் ஒண்ணு. தொறந்தா யாரும் இல்ல. பைத்தியம்னு சொல்வாங்கன்னு யாராண்டயும் சொல்லல." டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எங்கிட்ட சொன்னத ஸ்டேஷன்ல வந்து எழுதிக் குடு."

"அதுக்குத்தான் வந்தேன் அண்ணி."

எழுதிக் கொடுத்தான். அன்று பிற்பகல் அந்தக் கதவு தட்டப்படவில்லை. அதன் பிறகும் இல்லை. சில நாட்கள் சரசா அந்த நேரத்துக்குக் கதவருகே உட்கார்ந்து காத்திருந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

இழந்தவை இவ்வளவே. விளையாட்டில் மூன்று போர்க்கலங்கள், பத்துக் காலாட்கள். உதயகுமாருக்குப் பாடி வேலை. அருளுக்கும் காவ்யாவுக்கும் சனிக்கிழமை ஆட்டம். அதை அவர்கள் மறுபடி தொடங்கவில்லை. சரசாவுக்குப் பிற்பகலில் கேட்ட ஓர் ஓசை. அவள் மகளுக்கு, தந்தையைக் குறைவாக நினைத்த மூன்று ஆண்டுகள். பாபு, வயது முப்பத்து நான்கு.