மணமேடையை விட்டிறங்கிய பேஸ்காரன்

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு ஹார்ட் ராக் குழுவில் ஒன்பது வருஷமாக பேஸ் கித்தார் வாசித்தவன் அஸ்ஹாரி. பெண் கேட்டுப் போன அன்று, வருங்கால மாமியார் கல்சோம், "பாடுவியா?" என்றாள்.

"இல்லைங்க."

"அப்ப கித்தாரா?"

"கித்தார்தான்... ஆனா அந்தக் கித்தார் இல்லைங்க."

கல்சோம் இரண்டே இரண்டு நிபந்தனை போட்டாள். கல்யாணத்தன்று அந்த வஸ்துவைத் தொடக்கூடாது. தோள்வரை தொங்கும் முடியைத் தலைப்பாகைக்குள் செருகிவிட வேண்டும்.

கல்யாணத்துக்குக் குழு அன்பளிப்பாக வாசித்தது. அஸ்ஹாரியின் இடத்தில் பாடகனின் மச்சான் ரொஸ்லி நின்றான். ஜரிகை உடுப்பும் இடுப்பில் கிரிஸ் கத்தியுமாக மாப்பிள்ளை மணமேடையில் ராஜா போல அசையாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மணப்பெண் சுர்யாத்தி. உறவுக்காரப் பெண்கள் வரிசையாக வந்து பன்னீர் தெளித்தார்கள்.

முதல் பாட்டிலேயே ரொஸ்லி தாளத்துக்குப் பிந்தினான். டிரம்ஸ்காரன் அவனுக்காகக் காத்திருந்து தடுமாறினான். பாடகனுக்கு எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. நெய்ச்சோறு சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சுர்யாத்தி கேமராவுக்குச் சிரித்தபடியே, உதடு அசையாமல், மலாய்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் சொல்லால் கேட்டாள்: "அபாங், ஏன் கால் ஆடுது?"

"அவன் கொல்றான்டி."

"யாரு?"

"பேஸ்."

"அதுல எது பேஸ்?"

மூன்று வருஷம் காதலித்தவள் கேட்கிற கேள்வியா இது! அஸ்ஹாரிக்குப் பன்னீரோடு வியர்வையும் வழிந்தது. "இப்ப பாட்டு தண்டவாளம் விட்டு எறங்கின மாதிரி இருக்கில்ல? அந்தத் தண்டவாளம்தான்."

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். "ஐயோ, ஆமா! போங்க, போய் வாசிங்க."

"உங்கம்மா?"

"அம்மாவ நான் பாத்துக்கறேன். எந்திரிங்க!"

அஸ்ஹாரி இறங்கி ஓடினான். கிரிஸ்ஸை உருவி ரொஸ்லியின் கையில் திணித்துவிட்டு கித்தாரைப் பிடுங்கிக்கொண்டான். கத்தியோடு என்ன செய்வதென்று தெரியாமல் ரொஸ்லி மணமேடைப் பக்கம் போய் நிற்க, கண் மங்கிய அத்தை ஒருத்தி அவனுக்கும் பன்னீர் தெளித்துவிட்டாள்.

நான்கே தாளத்தில் பாட்டு நேரானது. இரண்டாம் சரணத்தில் தலைப்பாகை கழன்று உருண்டது. முடி முதுகில் விழுந்தது. அப்போது கல்சோம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பாடகன் பாட்டை விழுங்கினான். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காதுல கேக்கல," என்றாள் மகளைப் பார்த்து. "வயித்துல கேக்குது." பிறகு மருமகனிடம், "இன்னும் ஒரு பாட்டுதான். சோறு ஆறுது," என்றாள்.

மூன்று வாசித்தான்.

அடுத்த வருஷம் கோலாலம்பூரில் முதல் ஆல்பம் பதிவானது. ஒலிப்பதிவு அறையில் சுர்யாத்தி கர்ப்பிணி வயிற்றைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

"பேஸைக் கொஞ்சம் ஏத்துங்க," என்றாள்.

ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"நானா? ரெண்டு பேர் சார்பா சொல்றேன். உள்ள இருக்கிறதுக்கும் சரியா கேக்கலயாம்."

அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். தன் குரல் அமுங்கிப்போன பாடகன்தான் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.