ஒரு கீறல்கூட இல்லை

“பெறகு என்னாச்சு தாயி?” என்றாள் பெரியம்மா மாயக்காள்.

டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சத்யபிரியா மறுபடியும் சொன்னாள். விடியக்காலம் அண்ணன் அய்யனாரோடு டிவிஎஸ்ஸில் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பியது. பின்னால் வந்த லாரி உரசியது. அண்ணன் தார் ரோட்டில் விழ, அவள் மல்லிகை மூட்டையோடு ஓரத்துப் புல்லில் போய் விழுந்தது. அதற்கு மேல் சொல்வதில்லை. போலீஸ்காரருக்கும் அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் சாவுக்குத் துட்டி கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் அவ்வளவுதான்.

“அம்புட்டு தூரம் தூக்கி எறிஞ்சும் ஒனக்கு ஒரு கீறல்கூட இல்லையே! தெய்வந்தான் காப்பாத்துச்சு.”

சத்யா தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். உட்கார முடியவில்லை. கழுவிய டம்ளர்களையே திரும்பக் கழுவினாள். பந்தலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அவர்கள் சொல்வது சரிதானே என்று நினைத்தாள். கையில் ஒரு கட்டு இருந்திருந்தால்கூட இந்த நடுக்கத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம். எலும்பாவது முறிந்திருக்கக் கூடாதா என்று தோன்றியதுமே வெட்கமாகிவிட்டது. உள்ளே அண்ணி தாலியோடு கடைசியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் தனக்கென்ன வந்துவிட்டது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடல்மேல் யாரோ மல்லிகை மாலையைப் போட்டார்கள். காலையில் அவளோடு புல்லில் விழுந்த மூட்டையின் அதே வாடை. கொல்லைப்பக்கம் ஓடி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை.

நிமிர்ந்தபோது அண்ணி புவனேஸ்வரி நின்றிருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

“இன்னும் துணி மாத்தலையா நீ?”

“எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க உள்ள போங்க.”

புவனேஸ்வரி குனிந்து அந்த மெரூன் சுடிதாரின் மடிப்பக்கத்தைத் தொட்டாள். நிறத்தோடு நிறமாக, அட்டை போல விறைத்திருந்தது. காலையிலிருந்து எத்தனையோ பேர் பார்த்த துணி.

“இது அவரு ரத்தமா?”

சத்யா மடியைக் கையால் மறைத்தாள்.

“ஒம் மடியிலயா இருந்தாரு?”

“ஆம்புலன்ஸ் வார வரைக்கும்.”

“பேசுனாரா?”

“இல்ல. மூச்சு மட்டும் வந்துச்சு. பெறகு…” சத்யாவின் பற்கள் கிட்டித்தன. “எனக்கு அடிகூட படல அண்ணி. நான் அழுதா, ஒங்களுக்கு முன்னாடி அது…”

“நான் அங்க இல்லடி,” என்றாள் புவனேஸ்வரி. “நீதான இருந்த.”

சொல்லிவிட்டுக் கல்லின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மாயக்காள் பின்வாசலில் எட்டிப் பார்த்தாள். “ஏத்தா புவனா, இங்கயா இருக்க? எடுக்க நேரமாச்சு, எல்லாரும் காத்துக்கெடக்காக.”

“இருக்கட்டும், வாரேன். பெரியம்மா, இனிமே இவகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது.”

மாயக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

புவனேஸ்வரி தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டாள். வாசலில் கொட்டுச் சத்தம் ஏறியது. அவள் திரும்பவில்லை. இறுகிக் கிடந்த சத்யாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நக இடுக்குகளில் இன்னும் ஒட்டியிருந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.