நான் போட்ட கோடு

அவளுக்கு 'மூணு ஸ்கிரீன்' என்று பெயர் வைத்தது நான்தான். அவள் வீட்டில் அப்பாவுக்கென்று தனி அறை, அதில் மூன்று திரைகள். காலையில் சந்தை திறக்கும்போது அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து விலை பார்ப்பார்களாம். முதல் நாள் வகுப்பில் அவளே சொன்னாள். என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை நான் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

எட்டுப் பேர், மூன்று மாதப் பயிற்சி, முடிவில் பயிற்சி தரும் வர்த்தக நிறுவனத்திலேயே ஒரே ஒரு வேலை. எனக்கு அது வேண்டும்.

வீட்டில் கணினி இல்லை. கட்டம் போட்ட நோட்டில் விலைகளைக் கையால் குறித்துப் படித்தேன். அவளோ கொட்டாவி விட்டுக்கொண்டே சரியான பதில் சொல்வாள். எனக்கு வயிறு பற்றி எரியும். வீட்டுக்குப் போய்ப் புலம்புவேன்.

"ஏண்டி, நீ மார்க்கெட்டப் படிக்கப் போறியா, அவளப் படிக்கப் போறியா?" என்றாள் அம்மா.

கடைசி நாள் தேர்வு. செம்பு விலை. ஆளுக்கு ஒரே ஒரு முறை: விலை ஏறும் என்றால் வாங்கலாம், இறங்கும் என்றால் விற்கலாம். வகுப்பு எடுக்கும் மேடத்தின் விதி: முதலில் நோட்டில் காரணம் எழுத வேண்டும், அப்புறம்தான் பட்டன்.

விலை பழைய பள்ளத்தையும் தாண்டி இறங்கியிருந்தது. ஆனால் அதன் அடியில் ஓடும், விலை நகரும் வேகத்தைக் காட்டும் கோடு அந்த அளவுக்கு இறங்கவில்லை. இதற்குப் பெயர் டைவர்ஜென்ஸ். விற்கிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, விலை திரும்பப்போகிறது என்று அர்த்தம். என் திரையில் இரண்டு பள்ளங்களையும் இணைத்துச் சிவப்பில் ஒரு கோடு போட்டேன். வாங்க வேண்டும், சந்தேகமே இல்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பக்கத்து இருக்கையில் மூணு ஸ்கிரீன் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முடிச்சிட்டியா?"

"ம். வாங்கிட்டேன். நீ?"

அந்த 'ம்' என்னை என்னவோ செய்தது. இப்போது நான் வாங்கினால் அவளுக்குப் பின்னால் போனவள் ஆகிவிடுவேன். அப்பன் சொல்லிக்கொடுத்ததை வைத்து அவள் ஜெயிப்பாள், நான் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு போவதா?

விலை ஏறி இறங்கும் அலைகளை எண்ண ஆரம்பித்தேன்; அதுவும் ஒரு கணிப்பு முறைதான். அலை எண்ணுவதில் ஒரு வசதி உண்டு. வேண்டிய பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எண்ணலாம். 'இறங்கும் அலை இன்னும் முடியவில்லை' என்று நோட்டில் எழுதினேன். விற்றேன்.

செம்பு மாலைவரை ஏறிக்கொண்டே இருந்தது.

மேடம் நோட்டுகளை எடுத்தார். அவளுடையதைச் சத்தமாகப் படித்தார். "'எனக்கு எதுவும் தெளிவாத் தெரியல. பக்கத்து சீட் அக்கா போட்ட சிவப்புக் கோடு சரின்னு தோணுச்சு. அதப் பாத்து வாங்குறேன்.'"

அந்த அக்கா நான்தான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அந்தக் கோட்டைப் போட்டது நீதானே? அப்புறம் ஏம்மா வித்த?"

"அவ வாங்குனா. அதான் வித்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வேலை அவளுக்குத்தான்.

"காப்பி அடிச்சிருக்கா மேடம்!"

"எழுதி வெச்சிட்டுத்தானே அடிச்சா? உன் நோட்டுல இருக்கிறது பொய்."

வாசலில் அவள் என் பின்னாலேயே வந்தாள். "அக்கா, சத்தியமா நீங்களும் வாங்குவீங்கன்னுதான் நெனச்சேன்."

"போடி" என்றேன்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அம்மா போனில் கூப்பிட்டாள். "என்னடி, வேலை கெடச்சுதா?"

"என் கோட்டுக்குக் கெடச்சுதும்மா. எனக்குக் கெடைக்கல."